எலிவேஷனைக் கழற்றியவர்கள்

நீங்கள் கேட்டது இது: “புறநகர் வீடு, கார், புல்தரை, அந்தஸ்து ஆசை இவற்றை வைத்து மேலைநாட்டுக் கலைஞர்கள் இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தையே கலைப்படைப்பாக அமைப்பது) செய்கிறார்கள். முழு வீட்டையே கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் நிறுத்துகிறார்கள். நடுத்தர வர்க்கத்தைக் கேலி செய்வதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?”

கேலி இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த வகையில் எனக்கு முக்கியமாகப் படுகிற வேலைகள் கேலியில் தொடங்கியவை அல்ல. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள், இருபது முப்பது வருஷம் கழித்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப்போய் ஜன்னல், கதவு, வடிகுழாய் என்று ஒவ்வொன்றாக அளந்து செய்தவை. வெளியில் நின்று சிரிப்பவனுக்கு இவ்வளவு அளவு தேவைப்படாது. எதையும் நான் நேரில் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படங்கள், காணொளிகள், கண்காட்சிப் புத்தகங்கள் வழியாகத் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ‘புறநகர்’ என்றதும் நமக்கு மின்சார ரயிலும் பாதி போட்ட ரோடும் தண்ணீர் லாரியும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ‘சபர்ப்’ என்றால் சொந்த வீடு, முன்னால் புல்தரை, பக்கத்தில் கராஜ், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். அங்கே குடிபோனவர்கள் மேலே வந்துவிட்டார்கள் என்று பொருள். பிரிட்டனில் அதே கனவுக்கு ‘செமி டிடாச்ட்’ என்று பெயர்: ஒரு நடுச்சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும் இரட்டை வீடு. வரிசை வீட்டிலிருந்து அங்கே வந்தவர் ஒரு படி ஏறியவர். தனிவீடு என்ற அடுத்த படி எப்போதும் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கும்.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் வாயில் புழங்கும் ஒரு சொல்லை இங்கே கடன் வாங்கிக்கொள்கிறேன்: எலிவேஷன். தெருவிலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்பதற்கு இன்ஜினியரும் மேஸ்திரியும் வீட்டுக்காரரும் சேர்ந்து சொல்கிற பெயர். எங்கள் வீடு கட்டும்போது உள்ளே ஒரு அறையைச் சுருக்கி மிச்சம் பிடித்த பணம் எலிவேஷனுக்குப் போனது. அந்தச் சுருங்கிய அறையில் பத்து வருஷம் படுத்தவன் நான் என்பதால், இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. நீங்கள் கேட்கிற இன்ஸ்டலேஷன்கள் பெரும்பாலும் இந்த எலிவேஷனோடு நடக்கும் வழக்குதான். ஒருவர் அதைக் கழற்றிப் பார்க்கிறார், ஒருவர் வீட்டோடு சேர்த்து இரண்டாக அறுக்கிறார், ஒருவர் டிரெயிலரில் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்.

வழக்கு தொடங்கிய இடம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு வேண்டும். 1947-இல் நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களில், லெவிட் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் வீடு கட்ட ஆரம்பித்தது. கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நின்ற இடத்தில் நிற்பார். இங்கே அது தலைகீழ். வீடு நிற்கும், ஆள் நகர்வார். ஒரு கோஷ்டி தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், இன்னொரு கோஷ்டி சட்டம் அடித்துவிட்டுப் போகும். 1951-க்குள் 17,447 வீடுகள். 1949 மாடலின் விலை 7,990 டாலர். போரிலிருந்து வந்தவர் கையில் முன்பணம் இல்லாமலே குடிபோக முடிந்தது. ஆனால் தொடக்க கால ஒப்பந்தங்களில், வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதே போரில் சண்டை போட்டுவிட்டு வந்த கறுப்பினச் சிப்பாய்க்கு அங்கே இடமில்லை. இந்தக் கனவை வைத்துச் செய்த எந்தக் கலைவேலையைப் பார்த்தாலும் இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புல்தரை எல்லாருக்குமாக முளைத்ததல்ல.

அடுத்த தலைமுறையில் வருகிறார் டான் கிரஹாம், அமெரிக்கக் கலைஞர். நியூயார்க்கில் ஒரு சின்ன ஓவியக்கூடம் நடத்தினார். ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கையில் காசில்லாமல் நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். தோற்றுப்போய்த் திரும்புகிறவனுக்குத்தான் சொந்த ஊர் தெளிவாகத் தெரியும் போலிருக்கிறது. ரயில் பாதையை ஒட்டி வரிசை வரிசையாக நின்ற புறநகர் வீடுகளை ஒரு சாதாரண, மலிவான கேமராவில் எடுத்தார். அதை வைத்து ‘ஹோம்ஸ் ஃபார் அமெரிக்கா’ என்று ஒரு கட்டுரை எழுதினார். 1966 டிசம்பர், 1967 ஜனவரி சேர்ந்த இதழாக வந்த ‘ஆர்ட்ஸ் மேகசின்’ அதை வெளியிட்டது.

அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கட்டுரை முழுக்க மனை விற்பவரின் குரலில் இருக்கிறது. ஃபுளோரிடாவில் கேப் கோரல் என்ற இடத்தில் விற்ற எட்டு வகை வீடுகளின் பெயர்களை வரிசையாகத் தருகிறார்: சொனாட்டா, கன்செர்ட்டோ, ஓவர்ச்சர், பாலே, பிரிலூட், செரனேட், நாக்டர்ன், ராப்சடி. எல்லாமே மேற்கத்திய செவ்வியல் அரங்கத்திலிருந்து தூக்கி வந்த பெயர்கள். உள்ளே போனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பிறகு எட்டு வண்ணங்கள். கடல் நுரைப் பச்சை, மூங்கில், பவள இளஞ்சிவப்பு என்று போகிறது பட்டியல். எட்டு வீடு கொண்ட ஒரு தொகுதி, அதில் நாலு வகை, நாலு வண்ணம். இவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். ஆண்களுக்கு எந்த நிறம் பிடிக்கும், பெண்களுக்கு எது பிடிக்காது என்று ஒரு அட்டவணையும் உண்டு. எங்கேயும் ஒரு வரி நையாண்டி இல்லை. விற்பனைக்காரன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். வாங்குகிறவருக்குத் தன் வீடு தனி வீடு. விற்கிறவருக்கு அது ஒரு கணக்கில் ஒரு கட்டம். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருப்பதுதான் அந்த வேலை.

சரி, இது பத்திரிகைப் பக்கம்தானே, இன்ஸ்டலேஷன் எங்கே என்பீர்கள். அது 1978-இல் வருகிறது. ‘ஒரு புறநகர் வீட்டில் மாற்றம்’ என்று ஒரு மாதிரி செய்தார். சாதாரண வீடு ஒன்றின் முன்சுவரை முழுசாக எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டுவிடுகிறார். வீட்டின் நடுவில், அந்தக் கண்ணாடிக்கு இணையாக, குறுக்கே ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி. தெருவில் போகிறவருக்கு முன்பாதி வீடு அப்படியே தெரியும். சோபா, விளக்கு, உட்கார்ந்திருக்கும் குடும்பம் எல்லாம். பின்பாதி தெரியாது. அதற்குப் பதில் கண்ணாடியில் அவரே தெரிவார், அவருக்குப் பின்னால் எதிர்வீடும் தெரியும். அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கப் போய்த் தன் வீட்டையே பார்த்துவிட்டு வருவது. இது கட்டப்படவே இல்லை, அட்டையும் பிளாஸ்டிக்குமாக மேசை மேல் வைக்கும் மாதிரியாகவே நின்றுவிட்டது. கட்டியிருந்தால் இவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது என்பது என் கட்சி. நிஜ வீட்டில் ஒரே நாளில் திரைச்சீலை போட்டுவிடுவார்கள்.

நடுவில் ஒரு எதிர்க்கட்சியும் உண்டு. கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வென்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும், இந்த வீடுகளைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் படித்த கூட்டத்தின் மேல் எரிச்சலானவர்கள். 1976-இல் வாஷிங்டனில் ரென்விக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். சாதாரண வீட்டு வரவேற்பறைகளை அப்படியே அமைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் காமிக்ஸில் வருகிற மாதிரி ஒரு பேச்சுக் குமிழி. இந்தத் தூண் எங்கிருந்து வந்த ஆசை, இந்த நாற்காலி எந்தக் காலத்து ராஜாவை நினைவூட்டுகிறது என்று பொருளே பேசும். முன்வாசலில் இரண்டு வெள்ளைத் தூண் வைக்கிறவருக்கு ரசனை இல்லை என்று சொல்லாதீர்கள், அவர் உங்களிடம் ஏதோ சொல்கிறார், அதைப் படியுங்கள் என்பது அவர்கள் வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தூணுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று எந்தக் குமிழியும் சொல்லவில்லையே என்றும் தோன்றுகிறது.

கார்டன் மட்டா-கிளார்க் பேச்சுக்கே இடம் வைக்காமல் ரம்பத்தை எடுத்தவர். கட்டடக்கலை படித்துவிட்டுக் கட்டுவதற்குப் பதில் அறுக்கப் போனார். 1974-இல் நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் ஊரில், இடிப்பதற்காக நின்ற ஒரு மரவீடு அவர் கைக்கு வந்தது. வாங்கி வைத்திருந்தவர்கள் அவருடைய கலை வியாபாரியான ஒரு பெண்ணும் அந்தப் பெண்ணின் கணவரும். வீட்டை மேலிருந்து கீழ்வரை நடுவில் செயின் ரம்பத்தால் அறுத்தார். பிறகு ஒரு பாதியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே அஸ்திவாரக் கற்களைச் சரிவாகச் செதுக்கி, மெல்ல இறக்கினார். வீடு வாய் பிளந்தது. மாடிப்படி, தரை, சுவர் எல்லாவற்றின் ஊடாகவும் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் ஒரு வெளிச்சக்கோடு. பெயர் ‘ஸ்பிளிட்டிங்’. சில மாதங்களில் வீடு இடிக்கப்பட்டது. கூரையின் நாலு மூலைகளை மட்டும் வெட்டி எடுத்து வைத்தார், அவை இப்போது சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில்.

அந்தப் படங்கள் அழகானவை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் காலி செய்ய வைக்கப்பட்டவர்கள். அவர்கள் விட்டுப்போன பொருட்கள் உள்ளேயே கிடந்தன. அமெரிக்கக் குடும்பக் கனவில் விரிசல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். கனவு யாருடையது, விரிசல் யாருடையது என்று யோசித்தால் அந்த வெளிச்சக்கோடு வேறு மாதிரித் தெரிகிறது.

இப்போது நான் வந்து சேர நினைத்த ஆளுக்கு வருகிறேன். மைக்கேல் லாண்டி, லண்டன்காரர். 2001 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், காலியாகிப்போன ஒரு பெரிய துணிக்கடையில், தனக்குச் சொந்தமான 7,227 பொருட்களைப் பட்டியல் போட்டு இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாக உடைத்து நொறுக்கியவர். கார், பாஸ்போர்ட், காதல் கடிதங்கள், நண்பர்கள் கொடுத்த ஓவியங்கள் எல்லாம் கன்வேயர் பெல்ட்டில் ஏறி இயந்திரத்துக்குப் போயின. அந்த ‘பிரேக் டவுன்’ பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நுகர்வுக் கலாசாரத்துக்கு எதிர்ப்பு என்று. எனக்கு அந்த 7,227-இல் ஒன்றே ஒன்று போதும்: அவர் அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டு. அம்மா தவணையில் வாங்கிக் கொடுத்தது. அப்பா சுரங்கப்பாதை தோண்டும் தொழிலாளி. 1977-இல் வேலையிடத்தில் சுரங்கப்பாதை அவர் மேல் சரிந்து விழுந்து படுகாயம், வயது 37. அதற்குப் பிறகு வேலைக்கே போக முடியவில்லை. அந்தக் கோட்டின் கனத்தையும் அவர் உடம்பு தாங்கவில்லை. அதனால் அது மகனுக்கு வந்தது. இரண்டு வாரமும் அதை இயந்திரத்தில் போடாமல் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில்தான் போட்டார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்து என்ன செய்வது? அப்பாவின் வீட்டைச் செய்தார். 2004-இல் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தின் டுவீன் மண்டபத்தில் ‘செமி டிடாச்ட்’. அந்த மண்டபம் 1937-இல் சிற்பங்களுக்காகவே திறந்தது. உயரமான கல் தூண்கள், வளைவுகள், கோயில் பிராகாரம் போல நீளம். அதற்குள் லண்டனின் கிழக்குக் கோடியில் இல்ஃபர்டில் இருந்த பெற்றோர் வீட்டை முழு அளவில், வெளிப்பக்கம் மட்டும், நகலெடுத்து நிறுத்தினார். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி இன்னொரு பக்கம், நடுவில் பார்வையாளர் நடக்க இடம். சுவரில் குட்டிக் கூழாங்கற்களை வீசிப் பதித்த அந்த நாட்டுப் பூச்சிலிருந்து வடிகுழாய் வரை எல்லாம் அப்படியே.

கூழாங்கல் பூச்சு என்பது சாதாரண விஷயம் இல்லை. கீழே இருக்கிற மட்டமான செங்கல்லை மறைக்கும், மழைக்குத் தாங்கும், அடிக்கடி வெள்ளையடிக்க வேண்டாம். பிரிட்டனில் அதைப் பார்த்ததும் வீட்டுக்காரரின் வர்க்கத்தைச் சொல்லிவிடுவார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள் வீட்டை வாங்கியதும் முதலில் சுரண்டி எடுப்பது அதைத்தான். லாண்டி அதைக் கல் மண்டபத்தின் நட்ட நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். சுற்றிலும் பேரரசின் கல், நடுவில் ஒரு கூலித் தொழிலாளியின் கூழாங்கல்.

ஆனால் உள்ளே போக முடியாது. வெட்டிய பக்கங்களில் அறைகளைத் தேடினால், அங்கே திரைகள். அப்பாவின் படுக்கையறை அலமாரியில் இருக்கும் சாமான்கள் மேல் கேமரா மெதுவாக ஊர்கிறது. மருந்து, கருவி, சில்லறைப் பொருட்கள். இன்னொன்றில் வீட்டு ரிப்பேரை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லித்தரும் கையேடுகளின் படங்கள். சுவரில் துளை போடும் கை, சிரித்த முகத்தோடு வால்பேப்பர் ஒட்டும் குடும்பம். வீட்டைத் தானே மேம்படுத்திக்கொள்வது இங்கிலாந்தின் கீழ்நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு மதம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசை டிரில்லிங் மிஷினோடு நடக்கும். உடம்பு ஒடிந்தவரிடம் அந்தக் கையேடுகள் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்தத் திரையில் ஓடுவது.

எலிவேஷனுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆளை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஏழு மாதத்தில் கண்காட்சி முடிந்து அந்த வீடும் கழற்றப்பட்டது.

எர்வின் வூர்ம் இதே இடத்துக்குச் சிரிப்பு வழியாக வருகிறவர். ஆஸ்திரியாக்காரர், அப்பா போலீஸ்காரர். கேலி என்று நீங்கள் சொன்னது இவருக்குப் பொருந்தும், ஆனால் பாதிதான். 2001-இல் ‘ஃபேட் கார்’: ஒரு நிஜக் காரைச் சதை வழிய வழிய ஊதிப் பெருக்கி வைத்தார். 2003-இல் ‘ஃபேட் ஹவுஸ்’: கூரையும் சுவரும் தொந்தியும் தொடையுமாகப் பிதுங்கும் ஒரு வெள்ளை வீடு. உள்ளே போனால் திரையில் அந்த வீடே பேசும், நான் வீடா, கலையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும். பணக்கொழுப்பு என்று நாம் வாய்ச்சொல்லாகச் சொல்வதை அவர் அப்படியே உருவமாக்கிவிட்டார். பார்த்ததும் சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் நகர்ந்துவிடலாம். 2006-இல் வியன்னாவின் நவீனக் கலை அருங்காட்சியகக் கூரையில் ஒரு தனிவீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். அதுவும் அந்த ரகம்.

2010-இன் ‘நேரோ ஹவுஸ்’ அப்படி நகரவிடாது. தான் வளர்ந்த பெற்றோர் வீட்டை எடுத்துக்கொண்டார். நீளம், உயரம் எல்லாம் வீட்டு அளவு. அகலத்தை மட்டும் நசுக்கி ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும்படி செய்துவிட்டார். வெளியிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் நல்ல குடும்ப வீடு. முன்னால் வந்து நின்றால் கோடு. ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே போக முடியும். தோளைச் சாய்க்க வேண்டும். சோபா, டெலிபோன், கழிப்பறைக் கோப்பை, கட்டில், சுவரில் மாட்டிய படம் எல்லாமே அதே விகிதத்தில் ஒல்லியாகியிருக்கின்றன. போருக்குப் பிந்திய ஆஸ்திரியாவின் மூச்சு முட்டும் ஒழுங்கு, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம், சொந்த வீட்டுக்காக இறுக்கிப் பிடித்த செலவு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. உள்ளே நுழைந்தவரின் தோளுக்குத் தெரிந்துவிடும். இன்ஸ்டலேஷனுக்கும் ஓவியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் இந்த வீட்டைத்தான் சொல்வேன்.

மைக் கெல்லியின் கதையில் ஊர்வலம் வருகிறது. டெட்ராய்ட்டின் புறநகரான வெஸ்ட்லாண்டில் வளர்ந்தவர். அப்பா அரசுப் பள்ளிகளில் பராமரிப்பு வேலை. அம்மா ஃபோர்டு கார் நிறுவனத்தின் பெரிய அதிகாரிகள் சாப்பிடும் உணவுக்கூடத்தில் சமையல்காரர். வர்க்கத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. பேர் வாங்கிய பிறகு அந்தப் பழைய வீட்டை விலைக்கு வாங்கிவிட நினைத்தார். உரிமையாளர் தரவில்லை. அதனால் நகல் கட்டினார். ஒற்றைத் தளம், வெள்ளைப் பலகை, சாதாரணமான முகப்பு. அந்த முகப்புப் பகுதி மட்டும் தனியே கழன்று டிரெயிலரில் ஏறும். 2010 செப்டம்பரில் டெட்ராய்ட் நகர நடுவிலிருந்து மிஷிகன் அவென்யூ வழியாக வெஸ்ட்லாண்டுக்குக் கிளம்பியது. எலிவேஷன் மட்டும் ரோட்டில் போகிறது! பிறந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்தது. வெள்ளைக் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்கு ஓடிய அதே திசையில்தான் போனது. ஆனால் அவர்களில் பலர் திரும்பவில்லை, இது திரும்பியது.

கெல்லி 2012 ஜனவரியில் இறந்துபோனார். வீடு டெட்ராய்ட் தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் பக்கத்தில் 2013-இல் முடிந்தது. தரைத்தளம் ஊர்மக்களுக்கு, கூட்டம் போடலாம், புத்தகம் படிக்கலாம். அதற்குக் கீழே மண்ணுக்குள் இரண்டு அடுக்குகள், ஏணியில்தான் இறங்க வேண்டும். பொதுமக்கள் பார்வைக்குக் கிடையாது. கலைஞர்கள் தனியாக வேலை செய்ய. மேலே எல்லாரும் பார்க்கிற நல்ல வீடு, கீழே யாரும் பார்க்காத இருட்டு. பொதுவெளிக் கலை எப்படியும் தோற்கத்தான் போகிறது என்று அவரே எழுதி வைத்திருந்தார் என்பதால், இதை வெற்றி என்று நான் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதுவரை வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மகன்கள் என்று நீங்கள் கவனித்திருக்கலாம். வீட்டை வெளியிலிருந்து அறுப்பதும் அளப்பதும் மகன்கள் வேலையாகப் போயிற்று. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களைக் கணக்கெடுத்தது ஒரு பெண். மார்த்தா ரோஸ்லர் 1973-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகக் கலைக்கூடத்தில் ஒரு ‘கராஜ் சேல்’ நடத்தினார். வீட்டில் வேண்டாத சாமானைக் கராஜில் பரப்பி அக்கம்பக்கத்தாருக்கு விற்பது அங்கே வார இறுதிப் பழக்கம். உள்ளூர் பேப்பரில் சாதாரண கராஜ் சேல் என்றே விளம்பரம் கொடுத்தார், கலை வட்டாரத்துக்குக் கலை நிகழ்ச்சி என்று சொன்னார். இரண்டு கூட்டமும் வந்தது. முன்னால் நல்ல வெளிச்சத்தில் நல்ல சாமான். உள்ளே போகப் போக வெளிச்சம் மங்கும், பொருள் அந்தரங்கமாகும், பழைய உள்ளாடை, கடிதம் என்று. பின்னணியில் ஒலிநாடா ஓடுகிறது, சரக்குகளின் மாயம் பற்றி மார்க்ஸ் சொன்னது கேட்கிறது. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதைக் காதில் வாங்கினார்களா என்பது வேறு விஷயம். 2012-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இதைப் பெரிய அளவில் நடத்தினார். அங்கே பழைய சட்டையைப் பேரம் பேசி வாங்கியவருக்கு அது ரோஸ்லரின் கலைப்பொருளும் ஆகிவிட்டது. 1973-இல் ஒரு சட்டை வேண்டும் என்று வந்து வாங்கிப்போனவர்தான் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்.

நிஜமான பணக்காரர்கள் எங்கே என்று கேட்கலாம். மேலே ஏறத் துடிப்பவரைப் பற்றி இருக்கும் அளவுக்கு ஏறி உட்கார்ந்தவரைப் பற்றி நல்ல வேலைகள் எனக்குத் தெரியவில்லை. சட்டென்று நினைவுக்கு வருவது, நாடுகள் தனித்தனி அரங்கு வைக்கும் வெனிஸ் பினாலே கலைவிழாவில் 2009-இல் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற கலைஞர் ஜோடி செய்த ‘தி கலெக்டர்ஸ்’. பக்கத்துப் பக்கத்தில் இருந்த டென்மார்க் அரங்கையும் நார்டிக் அரங்கையும் இரண்டு பணக்கார வீடுகளாக்கினார்கள். டென்மார்க் வீட்டு வாசலில் விற்பனைக்கு என்ற பலகை. வீட்டுத் தரகர் வேஷத்தில் நடிகர்கள் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அறை அறையாகக் காட்டினார்கள். உடைந்த மாடிப்படி, இரண்டாகப் பிளந்த சாப்பாட்டு மேசை, எரிந்துபோன ஒரு பெண்பிள்ளையின் அறை. தரகர் எதையும் கண்டுகொள்ளாமல் வீட்டின் அருமை பெருமையைச் சொல்லிக்கொண்டே போவார். அடுத்த வீட்டு நீச்சல் குளத்தில் கலை சேகரிப்பாளர் ஒருவர் குப்புற மிதந்தார், பொம்மையாக. பார்க்க வந்தவர்களில் நிஜமான சேகரிப்பாளர்கள் பலர் இருந்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், அதுதான் இந்த வேலையின் பலவீனமும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிரேசன் பெர்ரி, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். எஸ்ஸெக்ஸ் என்றாலே லண்டன்காரர்களுக்கு இளக்காரம், புதுப்பணம், பகட்டு, சத்தம் என்று. அவர் ஜூலி கோப் என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்தார். 1953 வெள்ளத்தின்போது கேன்வி தீவில் பிறக்கிறாள். பாசில்டன் என்ற புதுநகரில் வளர்கிறாள். கல்யாணம் ஆகி, சவுத் வுட்ஹாம் ஃபெரர்ஸ் என்ற புதிய குடியிருப்பில் வீடு. கணவன் துரோகம் செய்ய, விவாகரத்து. பிள்ளைகளோடு பல்கலைக்கழகம் போய்ப் படித்துச் சமூகப் பணியாளர் ஆகிறாள். இரண்டாவது கணவன் ராப். 2014-இல் கோல்செஸ்டரில், கறி டெலிவரி செய்யும் மொபெட் மோதிச் சாகிறாள். ஒவ்வொரு வீடும் ஒரு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஊர்ப் பெயர்.

நீ எனக்கு முன்னால் போய்விட்டால் உனக்கொரு தாஜ்மஹால் கட்டுவேன் என்று ராப் சொல்லியிருந்தான். அந்த தாஜ்மஹாலைத்தான் பெர்ரி, எஃப்ஏடி என்ற கட்டடக் கலைக்குழுவோடு சேர்ந்து ராப்னெஸ் என்ற கிராமத்தில், ஸ்டவர் ஆற்றைப் பார்க்கிற மேட்டில், 2015-இல் நிஜமாகவே கட்டினார். பெயர் ‘எ ஹவுஸ் ஃபார் எஸ்ஸெக்ஸ்’. படிப்படியாக உயர்ந்துபோகும் நான்கு கூரைகள், செம்புக் கலவைத் தகடு. வெளிச்சுவர் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாக ஓடுகள். அந்த ஓடுகளில் ஜூலி அம்மனைப் போல நிற்கிறாள், சுற்றிலும் அவள் வாழ்க்கைச் சாமான்கள்: பாட்டுக் கேசட், குழந்தைத் துணிக்குக் குத்தும் ஊக்கு. உள்ளே அவள் கதையைச் சொல்லும் சித்திரம் நெய்த இரண்டு பெரிய சீலைகள், சுவரில். நல்ல ரசனை என்று பெயர் வாங்கியவர்கள் எதையெல்லாம் வேண்டாம் என்பார்களோ அதையெல்லாம் அள்ளிப் பூசியிருக்கிறார். இது கேலியா? ஜூலியைச் சிரித்துக் கழித்துவிட நினைப்பவர் இவ்வளவு ஓடு சுட மாட்டார்.

இந்த வீட்டில் இரவு தங்கலாம். விடுமுறை வீடாக வாடகைக்கு விடுகிறார்கள். ஆரம்பத்தில் அவ்வளவு கூட்டம், சீட்டுக் குலுக்கித்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். இடம் கிடைத்து உள்ளே போனால், நடு அறையில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஜூலியைக் கொன்ற மொபெட் அங்கேதான் சரவிளக்காகத் தொங்குகிறது.